பெண் குதிரையைப் பருவத்துக்குக் கொண்டுவர: காத்திருப்பதா, விளக்கா, மருந்தா?

இனவிருத்திக்குப் பெண் குதிரை வைத்திருப்பவர் ஒவ்வொரு ஆண்டும் எடுக்க வேண்டிய முடிவு இது. குதிரை தானாகப் பருவத்துக்கு வரட்டும் என்று விட்டுவிடலாம். குளிர்காலத்திலேயே லாயத்தில் விளக்குப் போட்டு முன்கூட்டி வரவழைக்கலாம். மருந்து கொடுத்து நாட்களைக் குறைக்கலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒரு முறை பலன் தரும் மாதத்தில் இன்னொன்று வீண். குதிரையின் உடல் இப்போது ஆண்டின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். அதைப் பார்க்காமல் ஊசி போட்டுக்கொண்டே போகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தம். செலவு அவர்களுடையது, அலைச்சல் குதிரையுடையது.

மாடு ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரும். குதிரை, பகல் நீளும் மாதங்களில்தான் வரும். இருட்டில் மூளையின் பீனியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. குளிர்கால இரவுகள் நீளமானவை என்பதால் மெலடோனின் அதிக நேரம் சுரந்து, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து வந்து சினைப்பைகளை இயக்கத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோனை அடக்கிவைக்கிறது. முட்டை உருவாகும் சினைப்பைகள் சிறுத்து, வேலையின்றி ஓய்வில் இருக்கும். குட்டி 11 மாதம் கழித்துப் பிறக்கும் விலங்கு என்பதால், பகல் நீண்ட காலத்தில் சினை பிடித்தால்தான் புல் தழைத்திருக்கும்போது குட்டி தரையில் கால் ஊன்றும். எல்லாக் குதிரைகளும் இப்படியே இருப்பதில்லை. ஆறில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று குளிர்காலத்திலும் நிற்காமல் சுழற்சியில் இருக்கும்.

பருவகாலம் வந்துவிட்டால் கணக்கு எளிது. சுழற்சி 21 அல்லது 22 நாள். அதில் 5 முதல் 7 நாள் பொலிகுதிரையை, அதாவது ஆண் குதிரையை, ஏற்கும். மீதி இரண்டு வாரமும் காதை மடக்கி உதைத்து விரட்டும். பருவம் முடிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு முட்டை வெளிவரும். பொலிகுதிரையைக் கண்டதும் வாலைத் தூக்குவது, பின்கால்களை அகட்டித் தாழ்ந்து நிற்பது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுவது, பிறப்புறுப்பை விரித்து விரித்து மூடுவது ஆகியவை அடையாளங்கள்.

இந்தக் கணக்கைக் குழப்புவது ஓய்வுக்கும் ஒழுங்கான சுழற்சிக்கும் நடுவில் வரும் மாறுகாலம். முதலில் இதைப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் பணம் பெரும்பாலும் இங்கேதான் கரைகிறது.

மாறுகாலம் இரண்டு மாதமோ அதற்கு மேலுமோ நீளும். பகல் வளர வளர, முட்டைக் கொப்புளங்களை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோன் முன்னதாகத் தேறிவிடுகிறது. முட்டையை வெளியேற்ற வேண்டிய எல்எச் ஹார்மோன் கடைசியாகத்தான் தேறுகிறது. அதனால் பாலிக்கிள் எனப்படும் முட்டைக் கொப்புளங்கள் வளரும், 30, 35 மில்லிமீட்டர் கூட எட்டும், பிறகு முட்டையை விடாமலே சுருங்கிவிடும். அடுத்த அலை வரும், அதுவும் சுருங்கும். இந்த அலைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனால் குதிரை பருவத்தில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று தொடர்ந்து பொலிகுதிரையை ஏற்கும் குதிரையைப் பார்த்து, "நல்ல பருவத்தில் இருக்கிறது" என்று உரிமையாளர் மகிழ்ந்துபோவார். முட்டையே வெளிவராத நாட்களில் எத்தனை முறை சேர்த்தாலும் சினை நிற்காது. பொலிகுதிரையின் நேரம் வீணாகும். குளிரூட்டியோ உறையவைத்தோ அனுப்பப்பட்ட விந்து என்றால் ஒவ்வொரு டோஸும் நேரடி நட்டம். ஒவ்வொரு சேர்க்கையும் கருப்பைக்குள் கொஞ்சம் அழுக்கையும் அழற்சியையும் கொண்டுபோகும். வயதான குதிரைக்கு அந்தக் கடைசி விஷயம் சிறியதல்ல.

ஆண்டின் முதல் முட்டை வெளிவந்தவுடன் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் சுழற்சி ஒழுங்குக்கு வந்துவிடும். ஆகவே மூன்று முறைகளையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடலாம்: அந்த முதல் முட்டையை எவ்வளவு முன்னால், எவ்வளவு நம்பகமாக இது கொண்டுவருகிறது?

காத்திருப்பது

வடக்கு மிதவெப்ப நாடுகளில் பெரும்பாலான குதிரைகளுக்கு முதல் முட்டை ஏப்ரல் வாக்கில் வருகிறது. அப்போது சேர்த்தால் அடுத்த ஆண்டு மார்ச்சிலோ ஏப்ரலிலோ குட்டி. சவாரிக்கோ வண்டிக்கோ சொந்தத் தேவைக்கோ குட்டி எடுப்பவருக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. சிக்கல் பந்தயக் குதிரைக்காரர்களுக்குத்தான். வடக்கு அரைக்கோளத்தில் தரோபிரெட் எனப்படும் பந்தய இனக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1, தெற்கில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் ஆகஸ்ட் 1 பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. ஜனவரி கடைசியில் பிறந்ததும் மே மாதம் பிறந்ததும் ஏட்டில் ஒரே வயது. இரண்டு வயதுப் பந்தயத்தில் அந்த நான்கு மாத வளர்ச்சி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஏலத்திலும் தெரியும். சினைக்காலம் சராசரியாக 340 நாள் என்பதால் வடக்கில் இனச்சேர்க்கைக் காலம் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. குதிரையின் உடலோ அப்போது மாறுகாலத்தில் இருக்கிறது, சிலது ஓய்விலேயே இருக்கிறது. மனிதர் வகுத்த நாட்காட்டிக்கும் குதிரையின் நாட்காட்டிக்கும் இடையில் ஆறேழு வாரம் விழும் இடைவெளியை நிரப்பத்தான் விளக்கும் மருந்தும்.

அந்த நாட்காட்டிக்குக் கட்டுப்படாதவர் காத்திருப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் காத்திருப்பதும் சும்மா இருப்பதும் ஒன்றல்ல. குளிர்காலத்தில் உடல் இளைத்த குதிரைக்கு முதல் முட்டை மேலும் தள்ளிப்போகும். டெக்சாஸில் ஹென்னக்கியும் சக ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட, 1 முதல் 9 வரையிலான உடல்நிலை அளவுகோலில் குறைந்தது 5 இருக்க வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மாறுகாலத்து நீண்ட பருவத்தில் சேர்க்கைக்கு அவசரப்படாமல், ஸ்கேனில் 35 மில்லிமீட்டர் பாலிக்கிளும் கருப்பைச் சுவரில் நீர்கோத்த வீக்கமும் சேர்ந்து தெரியும்வரை பொறுக்க வேண்டும். பாலிக்கிள் பெரிதாக இருந்து வீக்கம் இல்லையென்றால் அது பெரும்பாலும் சுருங்கப்போகும் பாலிக்கிள்.

விளக்கு

செயற்கை வெளிச்சம் குதிரையின் பருவத்தை முன்னே இழுக்கும் என்பதை 1947இலேயே பர்க்ஹார்ட் என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார். இத்தனை காலத்தில் இதைவிட நம்பகமான முறை வேறு வரவில்லை. மருந்து பருவத்தின் ஒரு பகுதியைத்தான் தொடுகிறது. வெளிச்சம், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மெலடோனினையே தொடுகிறது.

விதி இதுதான்: இயற்கைப் பகலும் விளக்கும் சேர்ந்து 16 மணி நேர வெளிச்சம், 8 மணி நேர இருட்டு. பலன் தெரிய 60 முதல் 70 நாள் ஆகும். பிப்ரவரி நடுவில் குதிரை தயாராக வேண்டுமென்றால் டிசம்பர் முதல் நாள் விளக்கு எரியத் தொடங்கியிருக்க வேண்டும். தெற்கு அரைக்கோளத்தில் ஜூலை முதல் நாள். ஜனவரி பாதியில் ஆரம்பித்தால் பலன் மார்ச் கடைசியில்தான் வரும். அந்நேரம் இயற்கையே அதைச் செய்யத் தொடங்கியிருக்கும், மின்கட்டணம்தான் மிச்சம்.

வெளிச்சத்தைக் காலையில் சேர்ப்பதைவிட மாலையில் சேர்ப்பதுதான் பலன் தரும். பொழுது சாய்வதற்கு முன்பே விளக்கைப் போட்டு இரவு 10, 11 மணி வரை எரியவிட வேண்டும். நடுவில் இருட்டு விழக்கூடாது. இரவெல்லாம் எரியவிட்டால் இன்னும் வேகமாக வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. வராது. இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வந்தால்தான் உடலுக்குக் காலக்கணக்குப் புரியும். அளவு, குதிரையின் கண்மட்டத்தில் சுமார் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). கொட்டிலின் எந்த மூலையில் நின்றாலும் செய்தித்தாளை வசதியாகப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் போதும். 12 அடிக்கு 12 அடி கொட்டிலுக்குப் பழைய 200 வாட் குண்டு பல்பு என்பது வழக்கமான கணக்கு. இப்போது அதே ஒளி தரும் எல்இடி போதும். குதிரை தலையை வெளியே நீட்டி இருட்டில் நிற்கும் வசதி இருந்தால் அத்தனை பல்பும் வீண். இந்த முறை தோற்கும் இடங்களில் பாதி, இப்படிப்பட்ட சின்னக் கவனக்குறைவுதான்.

கொட்டிலில் அடைக்க வழியில்லாதவருக்கு ஒளி முகமூடி உண்டு. அயர்லாந்தின் யூனிவர்சிட்டி காலேஜ் டப்ளினில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது இது. ஒரே ஒரு கண்ணுக்கு மட்டும் நீல ஒளியை, சுமார் 50 லக்ஸ் அளவில், மாலையிலிருந்து இரவு 11 மணி வரை தானாகத் தருகிறது. மெலடோனினை அடக்குவதில் நீல ஒளி வலிமையானது என்பதால் குறைந்த வெளிச்சமே போதுமாகிறது. மேய்ச்சலில் இருந்தபடி இதை அணிந்த குதிரைகள், கொட்டில் விளக்கில் இருந்தவற்றுக்கு இணையாகவே முன்கூட்டிப் பருவத்துக்கு வந்தன. இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், பத்துப் பதினைந்து குதிரைகளைத் தினமும் மாலையில் ஓட்டிவந்து கட்ட ஆள் இருப்பவர் கொட்டில் விளக்கையே வைத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு குதிரை, எப்போதும் வெளியில் என்றால் முகமூடி. குதிரை வெளியில் நடமாடுவது மூட்டுக்கும் குடலுக்கும் நல்லது என்பதால் என் மனம் முகமூடிப் பக்கமே சாய்கிறது. ஆனால் அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா, முகத்தில் உராய்வுப்புண் வந்திருக்கிறதா, ஒளி எரிகிறதா என்று தினமும் பார்க்க முடியாதவர் அதை வாங்கக்கூடாது.

இருட்டத் தொடங்கி ஒன்பதரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு மணி நேரம் வெளிச்சம் தரும் முறையும் ஆய்வில் பலன் தந்தது. நேரம் கொஞ்சம் பிசகினாலும் பலனில்லை என்பதால் டைமர் சுவிட்சைப் பொழுது மாற மாறத் திருத்தும் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே.

இரண்டு பக்கவிளைவுகள். முடி சீக்கிரமே உதிரும். குளிர் கடுமையான இடத்தில் போர்வை தயாராக இருக்க வேண்டும். அதோடு, முதல் முட்டை வந்துவிட்டது என்று பிப்ரவரியிலேயே விளக்கை நிறுத்தினால் சில குதிரைகள் மறுபடி ஓய்வுக்குத் திரும்பிவிடும். சினை உறுதியாகும் வரையோ, இயற்கைப் பகலே போதுமான அளவு நீளும் வரையோ தொடர வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இந்தக் கணக்கு தளர்ந்துபோகிறது. 50 டிகிரி அகலக்கோட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். 12 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே நிறைய குதிரைகள் ஆண்டின் பெரும்பகுதி சுழற்சியிலேயே இருக்கும், தீவனமும் உடல்நிலையும் அதிகம் தீர்மானிக்கும். அத்தகைய இடத்தில் விளக்குக்குச் செலவழிக்கும் முன், குதிரை உண்மையிலேயே ஓய்வில்தான் இருக்கிறதா என்று பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ஸ்கேன் எடுத்தோ முட்டை வெளியேறிய பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை ரத்தத்தில் பார்த்தோ உறுதி செய்துகொள்ளுங்கள். அடையாளம் காட்டாமல் ஊமைப் பருவமாகவே சுழற்சியை ஓட்டிக்கொண்டிருக்கும் குதிரைகள் உண்டு. அவற்றுக்கு விளக்கு தேவையே இல்லை.

மருந்து

மருந்து என்று ஒரே பெயரில் சொன்னாலும் வேலைகள் வேறு வேறு. அல்ட்ரெனோஜெஸ்ட், புரோஜெஸ்டிரோனைப் போன்ற வாய்வழி மருந்து. கிலோவுக்கு 0.044 மில்லிகிராம், 500 கிலோ குதிரைக்கு 0.22 சதவீத எண்ணெய்க் கரைசலில் தினம் 10 மில்லிலிட்டர், தொடர்ந்து 15 நாள். நிறுத்திய நாலைந்து நாளில் குதிரை பருவத்துக்கு வரும். மாறுகாலத்தின் பின்பாதியில், பாலிக்கிள்கள் 20, 25 மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகு கொடுத்தால் அலைபாயும் நீண்ட பருவத்தை அடக்கி, எல்எச் சேர்ந்துகொள்ள இடம் கொடுத்து, ஒழுங்கான ஒரு பருவத்தை எதிர்பார்த்த நாளில் கொண்டுவரும். பொலிகுதிரைக்கு முன்பதிவு செய்ய வேண்டியவருக்கு அந்த நாள்தான் முக்கியம். ஆழ்ந்த ஓய்வில், சினைப்பையில் ஒன்றுமே இல்லாத குதிரைக்குக் கொடுத்தால் எதுவும் நடக்காது. ஆகவே இது விளக்குக்கு மாற்று அல்ல. விளக்கு முடித்த வேலையின் கடைசி இரண்டு வாரத்தை ஒழுங்குபடுத்துகிற துணை. விளக்கை மறந்துவிட்டு பிப்ரவரியில் இதைக் கேட்டுவரும் உரிமையாளருக்கு மருத்துவர் 'பொறுங்கள்' என்று சொன்னால் அது நேர்மையான பதில்.

கருப்பையில் தொற்று இருந்த குதிரைக்கு அல்ட்ரெனோஜெஸ்ட் கூடாது. கொடுப்பவரும் கவனமாக இருக்க வேண்டும். தோல் வழியே உடலுக்குள் போகும் மருந்து இது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது.

அடுத்தது பிராஸ்டாகிளாண்டின் ஊசி. மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுவது இதுதான். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி, புரோஜெஸ்டிரோன் சுரந்து அடுத்த பருவத்தைத் தடுத்துவைக்கும் மஞ்சள் திரட்டைக் கரைப்பதுதான் இதன் ஒரே வேலை. அதுவும் திரட்டுக்கு ஐந்து நாள் வயதாகியிருக்க வேண்டும். ஓய்விலோ மாறுகாலத்திலோ இருக்கும் குதிரைக்கு அந்தத் திரட்டே இல்லை, கரைக்க ஒன்றும் இல்லை. வியர்வை, லேசான வயிற்றுவலி, இளகிய சாணம் என்ற பக்கவிளைவுகள் மட்டும் கிடைக்கும். பருவகாலத்தின் நடுவில் கதை வேறு. நன்றாகச் சுழற்சியில் இருந்த குதிரை திடீரென்று இரண்டு மாதம் பருவத்துக்கு வராமல் நின்றால், பெரும்பாலும் மஞ்சள் திரட்டு கரையாமல் தங்கியிருக்கும். ஸ்கேனில் சினை இல்லை என்று உறுதி செய்தபின் ஒரே ஊசியில் மூன்று நான்கு நாளில் பருவம் திரும்பும். சினை இருந்தால் அதே ஊசி கருவைக் கலைத்துவிடும். அந்த ஸ்கேனை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த ஊசி மருந்தைக் கையாளக்கூடாது.

எச்சிஜி, டெஸ்லோரெலின் என்ற இரண்டு ஹார்மோன் மருந்துகளும் பருவத்தை வரவைப்பவை அல்ல. 35 மில்லிமீட்டர் பாலிக்கிள் தயாராக நிற்கும்போது, முட்டை இரண்டு நாளுக்குள் வெளிவரும்படி செய்பவை. வெளிவந்த முட்டைக்குச் சில மணி நேரமே ஆயுள். உறைவிந்துக்கும் உடலுக்குள் ஆயுள் குறைவு. எனவே உறைவிந்து பயன்படுத்துபவருக்கு இந்த ஊசி கட்டாயம் என்றே சொல்வேன். மேய்ச்சலில் பொலிகுதிரையோடு சேர்ந்தே திரியும் குதிரைக்கு இது தேவையில்லாத செலவு.

குட்டி போட்ட குதிரை

இதுவரை சொன்னது சினையில்லாத குதிரைக்கு. குட்டி போட்ட குதிரை இன்னொரு வழியில் நாட்காட்டியை முந்துகிறது. ஈன்ற பிறகு, பெரும்பாலும் 5 முதல் 12 நாளுக்குள், பருவத்துக்கு வந்துவிடும். அந்த நாட்களில் குட்டிக்கு வரும் கழிச்சலுக்குத் தாயின் பருவம்தான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். காலம் ஒத்துவருகிறதே தவிர அது காரணமல்ல, குட்டியின் குடல் பழகிவரும் கட்டம் அது.

அந்தப் பருவத்திலேயே சேர்ப்பதா, ஒரு சுழற்சியை விடுவதா? கரு, முட்டை வெளியேறி ஆறாம் நாள் வாக்கில் கருப்பைக்குள் இறங்குகிறது. ஈன்ற கருப்பை தேறச் சுமார் 15 நாள் ஆகிறது. எனவே பத்தாம் நாளுக்குப் பிறகு முட்டை வெளிவரும் குதிரையில் சினை நன்றாகப் பிடிக்கிறது, அதற்கு முன் என்றால் குறைகிறது. ஈற்று சுலபமாக நடந்து, நஞ்சுக்கொடி மூன்று மணி நேரத்துக்குள் விழுந்து, ஸ்கேனில் கருப்பைக்குள் திரவம் இல்லாத இளம் குதிரையை அந்தப் பருவத்திலேயே சேர்க்கலாம். மற்றவற்றை விட்டுவிட்டு, முட்டை வெளியேறி ஆறேழு நாள் கழித்து பிராஸ்டாகிளாண்டின் போட்டால் முழுச் சுழற்சிக்கும் காத்திருக்காமல் அடுத்த பருவம் ஒரு வாரத்துக்கு மேல் முன்னதாகவே வரும். இந்த ஊசி உண்மையாக உதவும் இடம் இதுதான்.

இவற்றில் ஆண்டின் முதல் மாதங்களிலேயே ஈனும் குதிரைகள், அந்த முதல் பருவத்துக்குப் பிறகு திரும்பவும் ஓய்வுக்குப் போய்விடலாம். அதைத் தடுக்க ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே அவற்றையும் விளக்கில் வைக்கிறார்கள். சினைக்காலம் சில நாட்கள் குறையக்கூடும் என்பதால் ஈனும் நாளை முன்தள்ளிக் கணக்கிட்டு ஆள் காவல் வைக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும், 90 நாள் விளக்குக்குப் பிறகும் சினைப்பை அசையவில்லை என்றால் அதே முறையைத் தொடராமல் காரணத்தைத் தேடுங்கள். வயதான குதிரையில் முடி உதிராமல் சுருண்டு வளர்ந்தால் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு இருக்கலாம். அதற்குத் தனி சிகிச்சை உண்டு. ஒரு சினைப்பை பெருத்து, மற்றது சுருங்கி, குதிரை பொலிகுதிரை போல முரட்டுத்தனம் காட்டினால் பெரும்பாலும் அது கிரானுலோசா செல் கட்டி என்ற சினைப்பைக் கட்டி. பெருத்ததை அகற்றினால் மற்றது சில மாதங்களில் வேலைக்குத் திரும்புவது வழக்கம். இதுவரை ஒருமுறைகூட ஒழுங்காகப் பருவத்துக்கு வராத, சினைப்பை மிகச் சிறியதாக இருக்கும் இளம் குதிரைக்கு ரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். 64க்குப் பதில் 63 இருந்து, ஒரு எக்ஸ் மட்டுமே உள்ளது என்று முடிவு வந்தால் விளக்கும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அது சவாரிக்கு நல்ல குதிரையாக வாழும்.